காலை முகூர்த்தம் நடுச்சாமமாகத் தெரிந்த கதை

நான் முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்று எடுத்த திருமணப் படங்களை மணமகளின் பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, முகூர்த்தம் காலை ஒன்பதரைக்குத்தானே நடந்தது? இதில் நடுச்சாமம் போல இருக்கிறதே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு மண்டபம். இரண்டு பக்கமும் ஜன்னல்கள், வரிசை வரிசையாகக் குழல் விளக்குகள், முந்நூறு பேர் கூட்டம். என் படங்களிலோ கரிய வெளியில் இரண்டு வெளுத்த முகங்கள் மிதந்தன. மணவறைப் பூ அலங்காரம் பாதிதான் தெரிந்தது. அட்சதை தூவிய சொந்தபந்தம் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. ஃபிளாஷ் போட்டால் படம் பளிச்சென்று வரும் என்பதைத் தவிர எனக்கு அன்று வேறொன்றும் தெரியாது.

ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்) எஃப் 8, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/200 நொடி. இதுதான் அன்றைய அமைப்பு. அந்த மாதிரி மண்டபத்து வெளிச்சம் சரியாகப் பதிய ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/60 நொடி அளவில் வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், மண்டபத்து வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட என் படத்தில் பதியவில்லை. முழுக்க முழுக்க ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படம் அது. இருட்டு அறையில் எடுத்திருந்தாலும் அப்படியேதான் வந்திருக்கும்.

என்னிடம் தொழில் கற்க வருகிற பிள்ளைகளுக்கு இதைத் தண்ணீரை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சூழலில் இருக்கும் ஒளி குழாய்த் தண்ணீர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவு நிறையும். ஃபிளாஷ் குடத்துத் தண்ணீர். ஒரே கவிழ்ப்பில் முடிந்துவிடும். குறைந்த வலுவில் வைத்தால் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அதன் வேலை தீர்ந்துபோகிறது. ஆகவே ஷட்டரைக் கூட்டிக் குறைத்தால் மாறுவது குழாய்த் தண்ணீர் மட்டும். அப்பர்ச்சர் பாத்திரத்தின் வாய். அதைச் சுருக்கினால் இரண்டுமே குறையும். பின்னணி இருட்டாக இருந்தால் ஷட்டரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். முகம் இருட்டாக இருந்தால் ஃபிளாஷின் வலுவைக் கூட்ட வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முகம் இருட்டாக இருக்கிறது என்று ஐஎஸ்ஓவை ஏற்றுவார்கள். உடனே ஜன்னல் வெளுத்துப்போகும்.

ஷட்டர் வேகத்துக்கு மேல்வரம்பு ஒன்று உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி. அதைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே சமயத்தில் முழுதாக விலகியிருக்காது. படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

இப்போதெல்லாம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஃபிளாஷை அணைத்துவிட்டுத்தான் முதல் படத்தை எடுக்கிறேன். அங்கே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பின்னணி ஒரு படி, அதாவது பாதி அளவாக, குறைவாகப் பதியட்டும் என்று வைத்துக்கொள்வேன். ஷட்டர் 1/100 நொடி. இதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டரும் அதே தாளத்தில் ஓடினால் படத்தில் வரி விழாது. அதன் பிறகுதான் ஃபிளாஷை ஏற்றுவேன், அதுவும் கேமராவின் தலையில் அல்ல. ஒரு தாங்கியில், வெள்ளைக் குடைக்குள், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில். கூரையில் அடித்துத் திருப்பலாமே என்பார்கள். வீட்டில் சரி. உயரமான தகரக் கூரையோ நீலம் அடித்த கூரையோ இருந்தால் ஒளி திரும்பி வராது, அல்லது நீலமாக வரும்.

நிறம் என்றதும் ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தாயார் நினைவுக்கு வருகிறார். வேறொருவர் எடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது என் மகள் இல்லை" என்றார். திறந்து பார்த்தேன். முகம் விபூதி பூசினாற்போல் சாம்பல் வெள்ளை. தாடைக்குக் கீழே கழுத்து நல்ல மாநிறம். மருதாணி வைத்த கை அதைவிடக் கறுப்பு. ஒரே பெண்ணின் உடம்பில் மூன்று நிறம்.

எடுத்தவர் மீது மட்டும் பழி போட முடியாது. சில ஒப்பனைப் பொடிகளில் உள்ள சிலிக்காவும், வெயில் காப்புக் கிரீம்களில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஃபிளாஷ் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸுக்கு மிக அருகிலிருந்து ஃபிளாஷ் அடிக்கும்போதுதான் வெளுப்பு முழுதாக வெளியே வரும். ஒளியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒப்பனை செய்யும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒத்திகை ஒப்பனை முடிந்ததும் அறை விளக்கை அணையுங்கள், கைப்பேசியின் ஃபிளாஷைப் போட்டு ஒரு படம் எடுங்கள். முகமும் கழுத்தும் ஒரே நிறத்தில் வந்தால் சரி. இல்லையென்றால் பொடியை மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

அதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "கொஞ்சம் வெள்ளையாகக் காட்டுங்கள் அண்ணே" என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. நம் தோல் கேமராவுக்குச் சிக்கலான பொருளாக ஆனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிவந்த மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. அட்டைகளின் காலம் போய்விட்டது. நிறத்தைக் குறையாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. சின்ன ஃபிளாஷை நேரே அடித்தால் அந்த மினுமினுப்பு நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய்ப் புள்ளியாகச் சுருங்கிவிடும். பெரிய குடையை அருகில் கொண்டுவந்தால் கன்னத்தில் பட்டுத்துணி போல விரியும். அதற்கு வெளுப்பு தேவையில்லை, பெரிய ஒளி மூலம்தான் தேவை.

தானியங்கி ஃபிளாஷ் அளவீட்டையும் நம் திருமணங்களில் நான் நம்புவதில்லை. வெள்ளை வேட்டியும் சரிகையும் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்ப, கேமரா அதைப் பார்த்து மிரண்டு வலுவைக் குறைக்கும், முகங்கள் மங்கிப்போகும். கையால் அளவை வைத்துவிட்டால் வேட்டி மாறினாலும் சேலை மாறினாலும் முகம் மாறாது.

குடும்பப் படத்தில் வேறொரு சங்கடம். ஃபிளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கிலிருந்து இரண்டு மீட்டரில் நிற்கும் மணமக்களுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்குதான் நாலு மீட்டரில் நிற்கும் பெரியப்பாவுக்குக் கிடைக்கும். விளக்கைப் பின்னால் நகர்த்தி வலுவைக் கூட்டுங்கள்: முன்வரிசை நாலு மீட்டர், பின்வரிசை ஐந்து மீட்டர் என்றால் பின்னால் நிற்பவருக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். பெரியப்பாவின் மனத்தாங்கலும் தீரும்.

நலங்கு, குத்துவிளக்கு, ஓமம் இவற்றில் ஃபிளாஷ் வெளிச்சம் நீலமாக நிற்கும். அதன் நிறவெப்பம் (எண் கூடக்கூட ஒளி நீலமாகும்) ஏறக்குறைய 5500 கெல்வின். எண்ணெய் விளக்குச் சுடர் 2000 பக்கம்தான். ஃபிளாஷ் மேல் ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் ஒன்றை ஒட்டி வலுவைக் குறைத்தால் தீபமும் முகமும் ஒரே நிறத்தில் சேரும். சில வெள்ளிதான் (ரிங்கிட்) விலை. கோயிலுக்குள் கேட்காமல் ஃபிளாஷ் போடாதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் அருள் வந்து நிற்பவரின் கண்ணுக்கு நேரே அடிப்பது எனக்கு அத்துமீறலாகவே படுகிறது. படம் நன்றாக வந்தாலும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபிளாஷில் கண் சிவப்பாக விழுவது விழித்திரையின் இரத்த ஓட்டம் ஒளியைத் திருப்புவதால், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கண் சிவப்பாகவும் மறுகண்ணின் பாவை வெள்ளையாகவும் விழுந்தால், அதுவும் அடுத்தடுத்த படங்களில் அப்படியே வந்தால், குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பல சமயம் கோணத்தால் ஏற்படும் பிரதிபலிப்பாக இருக்கும். ஆனால் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும். அப்படிப்பட்ட படத்தை நான் திருத்திக் கொடுப்பதில்லை, பெற்றோரிடம் காட்டிவிடுகிறேன்.

வெளிப்புறப் படம் என்றால் எல்லோரும் ஜார்ஜ் டவுன் என்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், பழைய கடைவீடுகள், எல்லாம் சரி. காலை பதினொன்றுக்கு வரச் சொன்னால் மணமகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்த வெயில் தலைக்கு நேர்மேலே விழுந்து கண்குழியைக் கறுப்பாக்கும். அந்த நேரத்தில் சின்ன ஃபிளாஷைக் கொண்டு சூரியனோடு மல்லுக்கட்டுவதைவிட அஞ்சடிக்குள், அதாவது கடைவீட்டு முன்புறக் கூரையிட்ட நடைபாதைக்குள், போய்விடுவதே மேல். கடைவீட்டு அஞ்சடியின் விளிம்பில் தெருவைப் பார்த்து நிற்கவைத்தால் எதிர்ச்சுவர் வெயிலை வாங்கி முகத்தில் மெதுவாகப் போடும். ஃபிளாஷ் தேவையென்றால் கண்ணில் ஒரு பொட்டு ஒளிக்காக மட்டும், குறைந்த வலுவில்.

இரண்டு ஒளியும் கைகோத்துக்கொள்வது மாலையில். ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில் சூரியன் மறைகிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து பார்த்தால் அதற்கு முன்பே கொடிமலைக்கு (பினாங்கு மலை) பின்னால் இறங்கிவிடும். பிறகு வானம் நீலமாக நிற்பது இருபது நிமிடம்தான். இங்கே அந்தி நீளாது. வானத்தின் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்க, ஷட்டரை 1/125, 1/60, 1/30 என்று கூடவே இறக்கிக்கொண்டு போவேன். ஃபிளாஷைத் தொடவே மாட்டேன். முகம் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் ஒரே அளவில் நிற்கும். பின்னால் கடலும் படகுத்துறை விளக்குகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே நிகழ்ச்சி நிரலில் சூரியன் மறைந்ததும் வரும் இருபது நிமிடத்தைத் தனியாக எழுதி வையுங்கள். தாய்மாமனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சரியாக அந்த நேரத்தில்தான் அவர் எல்லோரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆரம்பிப்பார்.