நாற்றம் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி வையுங்கள்

குளிர்காலம் பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் காலை ஏழு மணிக்கே நெபுலைசர் ஓட ஆரம்பித்துவிடும். தெற்கு டர்பனில், மியர்பேங்க் பக்கம் பல வருடங்களாக வைத்தியம் பார்க்கிறேன். இழுப்போடு வரும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவுக்கும் சின்ன வயதில் இதே இழுப்புதான். புளஃப் மேட்டுக்கும் பெரியா மேட்டுக்கும் நடுவே கிண்ணம் மாதிரி கிடக்கிறது நம் ஊர். ஜூன், ஜூலை விடிகாலையில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடுவதால் புகையும் அதோடு தங்கிவிடுகிறது.

ஒருநாள் ஒரு ஆயா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ராத்திரி அழுகின முட்டை மாதிரி நாத்தம் வந்துச்சு டாக்டர், அப்புறம்தான் இவனுக்கு மூச்சு வாங்குச்சு" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

இதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், கந்தக டை ஆக்சைடுக்கு நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் வைத்திருக்கும் வரம்புகளில் ஒன்று ஒரு மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 350 மைக்ரோகிராம். ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் காற்று கெட்டிருந்தால் ஆண்டுச் சராசரியில் அது காணாமலே போய்விடும், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் போதும் ஆஸ்துமா பிள்ளைக்கு. நீங்கள் மணியைக் குறித்து வைத்தால்தான் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். என்ன நாற்றம் என்பதையும் எழுதுங்கள்: தீக்குச்சி உரசினது போல மூக்கைக் குத்தினால் அது கந்தக டை ஆக்சைடாக இருக்கலாம், அழுகின முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு.

இப்படிக் குறிப்பெடுத்துக் கேட்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1995இல் நெல்சன் மண்டேலா இங்கேயுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வந்தபோது வழியில் போராடிய மக்களைப் பார்த்து நின்று பேசினார். இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் இருக்கும் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் ஆய்வு நடத்தி, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருக்கிறது என்று கண்டார்கள். மக்கள் விடாமல் கேட்டதால் 2000இல் அரசு தெற்கு டர்பனுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது, கண்காணிப்பு நிலையங்கள் வந்தன, கந்தக டை ஆக்சைடும் கணிசமாகக் குறைந்தது.

சரி, அந்தச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு ஓடவில்லை, இன்னொன்றும் 2022இல் நின்றுவிட்டது, இனி என்ன பிரச்சினை என்று என்னிடமே கேட்கிறார்கள். கிளேர்வுட் தெருக்களில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை எண்ணிப் பாருங்கள். டீசல் புகையின் நுண்துகளுக்கு வாடையே தெரியாது, நுரையீரல் அடிவரை போகும், அதற்கு மேல் ரத்தத்திலும் கலக்கும். சேமிப்புத் தொட்டிகளும் காகித ஆலையும் இங்கேதான் இருக்கின்றன.

நான் ஆஸ்துமா பம்ப் எழுதிக் கொடுக்கலாம், லாரி எந்தத் தெருவில் போகலாம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. அது மாநகராட்சி கையில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு காற்றுத் தரச் சட்டப்படி பெரும்பாலான ஆலைகளுக்குப் புகை வெளியிடும் உரிமம் கொடுப்பதும் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சிதான். அந்த உரிமத்துக்கு விண்ணப்பித்தால் குறைந்தது இரண்டு பத்திரிகைகளில் அறிவிப்புப் போட வேண்டும், அதைப் பார்த்து நாம் ஆட்சேபம் எழுதலாம். வருடா வருடம் மாநகராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கிறது. அங்கே போய் "காற்றைச் சுத்தம் பண்ணுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். கண்காணிப்புக் கருவிகளைப் பழுது பார்க்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், எத்தனை நிலையம் இன்று ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழல் நம் உரிமை என்று அரசியலமைப்பின் 24ஆம் பிரிவே சொல்கிறது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம், நிலக்கரி மின்நிலையங்கள் நிறைந்த ஹைவெல்ட் பகுதியின் மோசமான காற்று அந்த உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்த ஊர் மக்கள் கேட்டது நாமும் கேட்கக் கூடியதுதான்.

அந்த ஆயா இப்போது சமையலறையில் மாட்டியிருக்கும் கோயில் காலண்டரில் குறித்து வைக்கிறார்: மணி, வாடை, பேரன் எத்தனை தடவை பம்ப் எடுத்தான். கடைசியாக வந்தபோது அந்தத் தாள்களைக் கிழித்தே கொண்டு வந்திருந்தார். பிரதி எடுத்துக்கொண்டு, அடுத்த வார்டு கூட்டத்துக்குக் கொண்டு போங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன்.