பச்சையாகவே வாடும் தக்காளி

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது: நேற்றுவரை நன்றாக நின்ற செடி, இலை மஞ்சளாகக்கூட ஆகாமல், வெயில் ஏறியதும் பச்சையாகவே தொங்கிவிடுகிறது, சாயங்காலம் கொஞ்சம் நிமிர்கிறது, சில நாளில் மொத்தமாகப் போய்விடுகிறது. கடையில் கேட்டால் "வேரழுகல், இதை ஊத்துங்க" என்று ஒரு பூஞ்சாணக்கொல்லியைக் கையில் கொடுப்பார்கள். ஆனால் இப்படி வாடுவதற்குக் காரணம் பல சமயம் ஒரு பாக்டீரியா, பூஞ்சாணக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. காசும் போய், அந்த வாரத்துக்குள் நோய் அடுத்த பாத்திக்கும் போயிருக்கும்.

மருந்து வாங்குமுன் ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று இறங்கினால் அது ரால்ஸ்டோனியா, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைக்கிற பாக்டீரியா. இறங்காவிட்டால் ஃபியூசேரியம் மாதிரி பூஞ்சாண வாடலா என்று பார்க்கலாம்.

மண்ணிலேயே வருடக்கணக்கில் இருக்கும் இந்தப் பாக்டீரியா, களை வெட்டும்போது பட்ட காயம், நூற்புழு (மண்ணில் வாழும் நுண்ணிய புழு) போட்ட ஓட்டை வழியாக வேருக்குள் போகிறது. அப்புறம் பெரும்பாலும் தண்ணீரோடுதான் பயணம். வாய்க்கால் பாசன வயலில் முதலில் செத்த செடியிலிருந்து தண்ணீர் ஓடும் பக்கமாகவே வரிசையாகச் சாய்ந்திருக்கும். மேல்மடைக்காரருக்கு வந்தது கீழ்மடைக்காரருக்கு இலவசம்! பிடுங்கிய செடியை வாய்க்காலில் வீசுகிறோமே, அது நோயை நாமே பாய்ச்சுகிற வேலை. மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், செருப்புச் சேறு, வாங்கிவந்த நாற்றின் வேர்மண் எல்லாமே சுமக்கும்.

வாடிய செடியை எழுப்ப மருந்து கிடையாது. வேர்மண்ணோடு சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், அந்த இடத்துக்குத் தண்ணீர் போகாமல் மறியுங்கள், நோயுள்ள பாத்தியில் கடைசியாக இறங்குங்கள், கருவிகளைச் சேறு போகக் கழுவி பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்குங்கள். அடுத்த போகத்துக்குக் கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். மணத்தக்காளிக் களையையும் விடாதீர்கள். மக்காச்சோளம் போடலாம், தண்ணீர் இருந்தால் நெல்.

கத்தரிக்குச் சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைக்கிறது. தக்காளியில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த வாடலைத் தாங்கும். ஆனால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக நூற்புழு இருக்கிற மண்ணில் தாங்கும் ரகமும் சில சமயம் விழும், அதனால் நடுமுன் பழைய செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிடுங்கள்.