மஞ்சளாக எரியும் அடுப்பு

போன மாதம் எங்கள் வீட்டுப் பால் பாத்திரத்தின் அடி கறுக்கத் தொடங்கியது. காலையில் தேய்த்து வைத்தால் மாலையில் மறுபடியும் கரி. குனிந்து பார்த்தேன். நீலமாக நிற்க வேண்டிய தீ, நுனியில் மஞ்சளாக, அகல்விளக்குத் திரியைப் போல ஆடிக்கொண்டிருந்தது. சிலிண்டர் தீரப்போகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். புது சிலிண்டர் மாட்டிய பிறகும் அதே மஞ்சள்.

"கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர்" என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவரைக் கூப்பிட்டேன். அவர் பர்னரைக் கையில் எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைத் திருப்பிப் போட்டார். நாபுக்குப் பின்னால் இருந்த சிறிய பித்தளைத் துண்டு ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இந்த ஜெட்டை யாரோ ஊசியால குத்தியிருக்காங்கக்கா. ஓட்டை பெரிசாயிடுச்சு." குத்தியது நான்தான். அடைப்பு எடுப்பதாக நினைத்துச் செய்தது. ஆனால் ஓட்டை பெரிதானால் கேஸ் கூடத்தானே வரும், தீ இன்னும் நன்றாகத்தானே எரிய வேண்டும்?

இதற்குப் பதில் கேஸில் இல்லை, காற்றில் இருக்கிறது.

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அழுத்தத்தில் திரவமாக அடைந்து கிடக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்தை ரெகுலேட்டர் வெகுவாகக் குறைத்து, சுமார் 30 மில்லிபாருக்குக் கொண்டுவருகிறது. ஒரு அடி ஸ்கேல் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அவ்வளவுதான். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் ஒரு மில்லிமீட்டரை விடச் சிறிய ஜெட் துளை வழியே அந்த அழுத்தத்தில் வெளியேறும் கேஸின் வேகத்தைக் கணக்குப் போட்டால் நொடிக்கு 50 மீட்டர் வருகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர்!

அடுப்பு வேலை செய்வதே இந்த வேகத்தால்தான். வேகமாகப் போகும் லாரி சாலையோரத்துச் சருகுகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல ஜெட்டிலிருந்து பாயும் கேஸ் பக்கத்தில் இருக்கும் காற்றைத் தன்னோடு குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. பர்னருக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு திறப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று நுழையும் வழி அது. மின்விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. கேஸே தனக்கு வேண்டிய காற்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பன்சன் பர்னரும் இதே ஏற்பாடுதான். ஹைடல்பர்க்கில் 1855 வாக்கில் உருவானது. அதன் கழுத்து வளையத்தைத் திருப்பினால் மஞ்சள் தீ நீலமாக மாறியது நினைவிருக்கலாம்.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் புரோப்பேன் முழுதாக எரிய சுமார் 24 லிட்டர் காற்று, பியூட்டேனுக்கு சுமார் 31 லிட்டர். இதில் ஒரு பகுதி குழாயிலேயே கலந்துவிடுகிறது. மீதியைத் தீ தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இப்போது என் ஊசிக்கு வருவோம். பித்தளை மென்மையான உலோகம். 0.7 மில்லிமீட்டர் துளை ஊசி பட்டு 0.8 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் கொஞ்சம்தான் கூடியது. பரப்பு 30 சதவீதம் கூடிவிட்டது. அதே அழுத்தத்தில் கேஸும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுதலாக வரும். இழுத்துவரும் காற்று அதே அளவு கூடுவதில்லை. ஆக, கேஸ் மிகுதி, காற்றுப் பற்றாக்குறை. முழுதாக எரியாத கார்பன் நுண்துகள்களாகத் திரண்டு, சூட்டில் தகதகக்கிறது. அந்தத் தகதகப்புதான் மஞ்சள். குத்துவிளக்கில் நமக்கு வெளிச்சம் தருவதும் இதே துகள்கள்தான். விளக்குக்கு அது வேண்டும். அடுப்பில் அது பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகிறது, கேஸும் வீணாகிறது. மேலும், அரைகுறையாக எரியும் தீயிலிருந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். மஞ்சள் தீயை நாள் கணக்கில் விட்டுவைத்தது தவறு என்று இப்போது உணர்கிறேன். சமைக்கும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

எல்லா மஞ்சளும் காற்றுக் குறையால் வருவதில்லை. சாம்பார் பொங்கி வழிந்த பிறகு தீயில் ஆரஞ்சுச் சாயல் அங்கங்கே மின்னும். அது உப்பில் இருக்கும் சோடியம் தரும் நிறம். துடைத்துக் கழுவினால் போய்விடும். நிலையாக, நுனி முழுவதும், ஆடிக்கொண்டே இருக்கும் மஞ்சள்தான் கவலைக்குரியது. ஜெட் சரியாக இருந்தும் அப்படி எரிந்தால் குழாயைப் பாருங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் சிலந்தி வலையோ கரப்பான் குஞ்சோ உள்ளே இருக்கலாம். காற்று வரும் வழி அடைபட்டால் தீ மஞ்சளாகத்தான் எரியும்.

சில சமயம் "டப்" என்ற சத்தத்தோடு தீ உள்ளே இறங்கி, ஜெட் பக்கத்திலேயே எரியத் தொடங்கும். பர்னர் மூடி சரியாக உட்காராதபோது, அல்லது துளைகள் தேய்ந்து அகன்றபோது, கலவை வெளியேறும் வேகத்தை விடத் தீ பின்னோக்கிப் பரவும் வேகம் அதிகமாகிவிடுகிறது. உடனே நாபை மூடி, ஆறவிட்டு, மூடியைச் சரியாக வைக்க வேண்டும்.

பர்னரைச் சுத்தம் செய்ய நம் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. பித்தளைப் பர்னரை வெந்நீரில் புளி கரைத்து ஊற வைத்தால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கருத்த படலத்தைக் கரைத்துவிடும். அப்புறம் நன்றாக உலர்த்த வேண்டும், துளைகளில் தண்ணீர் நின்றால் தீ படபடக்கும். ஜெட்டைப் பொறுத்தவரை ஊதிப் பாருங்கள், போகாவிட்டால் புதிது வாங்கிவிடுங்கள். விலை பெரிதில்லை. பெரிய பர்னருக்கும் சிறியதற்கும் ஜெட் அளவு வேறு என்பதால் பழையதைக் கடைக்குக் கொண்டு போவது நல்லது. குழாய் வழியே இயற்கை எரிவாயு வரும் வீடுகளில் அடுப்பின் ஜெட்டை மாற்றுவதும் இதனால்தான். அதில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேன் ஒரு லிட்டருக்குத் தரும் வெப்பம் குறைவு, அதற்குப் பெரிய துளை வேண்டும்.

சிம்மில் வைத்தால் அணைகிறது, நாப் இறுகிவிட்டது என்பவை வேறு வகை. நாபுக்குள் கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான் ஒன்று கிரீஸ் தடவி உட்கார்ந்திருக்கும். அந்த கிரீஸ் சூட்டில் உலர்ந்தால் நாப் இறுகும். மிகுதியாகத் தடவினால் சிம்முக்கான சின்னத் துளை அடைபடும். இதை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் கேஸ் கசியும். சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், நெருப்பு எதுவும் பற்ற வைக்காமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

வந்தவர் புது ஜெட்டை மாட்டியதும் உடனே பற்ற வைக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கேட்டார். நாபின் பின்புறம், டியூப் மாட்டிய இடம், ரெகுலேட்டர் என எல்லா இணைப்பிலும் தடவி, கேஸைத் திறந்து, நுரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் குமிழி வரவில்லை. "இப்ப பத்த வையுங்கக்கா" என்றார். ஒவ்வொரு துளையிலும் சின்னச் சின்ன நீலக் கூம்புகள் அசையாமல் நின்றன.