அவள் பேசும்போது திரையில் யார்?

கணவனும் மனைவியும் மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேசும் காட்சி அது. வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேச்சு. இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எடிட்டிங் செய்துவரும் எனக்கு இப்படிப்பட்ட காட்சி கை தானாகச் செய்யும் வேலை. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த இளம்பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அவர் யோசிக்கும் இடத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். மனைவி யோசிக்கும் இடத்தை மட்டும் ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டார்.

"தொய்வாக இருந்தது" என்றேன். சொல்லிவிட்டுத்தான், வெட்டிய துண்டுகள் வரிசையாகத் தெரியும் டைம்லைனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மௌனமாக இருந்தது இரண்டு நொடி. படம்பிடித்ததில் அவள் மௌனமும் அதே இரண்டு நொடிதான். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள், என்ற கணக்கில் அவளுக்குரிய ஐம்பதில் நாற்பதை நான் எடுத்துவிட்டிருந்தேன். ஆண் தயங்கினால் சிந்திக்கிறார், பெண் தயங்கினால் காட்சி இழுக்கிறது. இப்படி வெட்டு என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்தப் பத்தியிலேயே பாருங்கள், கணவனை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதியிருக்கிறேன். திருத்தாமல் விடுகிறேன். என் கை எப்படிப் பழகியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கட்டும்.

தொடர்களில் ஆணும் பெண்ணும் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எல்லோரும் கதாசிரியரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் ஆலிசன் பெக்டெல் 1985இல் தன் சித்திரத் தொடரில் சொன்ன சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கதையில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக்கூடாது. நல்ல சோதனைதான். ஆனால் அது கதையையும் வசனத்தையும் மட்டுமே அளக்கும். இரண்டு பெண் மருத்துவர்கள் அறுவை சிகிச்சை பற்றிப் பேசும் காட்சியை, வாசலில் நின்று கேட்கும் ஆண் தலைமை மருத்துவரின் முகத்துக்கு ஐந்து முறை வெட்டி, அவருடைய காட்சியாக என்னால் மாற்றிவிட முடியும். வசனத்தில் ஓர் எழுத்து மாறாது. பெக்டெல் சோதனையிலும் அது தேறிவிடும்.

வசனத்தை எழுதுகிறவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அது ஒலிக்கும்போது யார் முகம் திரையில் இருக்கும் என்பதை எடிட்டிங் அறை முடிவு செய்கிறது. அவன் பேசுகிறான், அவனைக் காட்டுகிறோம். அவள் பேசத் தொடங்குகிறாள், பாதி வாக்கியத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கும் அவன் முகத்துக்குப் போய்விடுகிறோம். அவள் குரல் அவன் முகத்தின் மேல் ஓடுகிறது. அவன் தாடை இறுகுகிறது, கண் தாழ்கிறது. அவள் சொன்னது அவனை என்ன செய்தது என்பதே காட்சியாகிவிடுகிறது. அதைச் சொல்வதற்குள் அவள் பட்ட பாடு படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. குரலை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு நீட்டுவது எங்கள் தொழிலின் அடிப்படை உத்தி. அது இல்லாவிட்டால் உரையாடல் பந்தாட்டம் போல இங்கும் அங்கும் தாவும். பேசும்போதும் கேட்கும்போதும் ஒரே ஆள் திரையில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. தினசரித் தொடர்களில் திரையை நிறைத்திருப்பது பெண் முகம்தானே என்பார்கள். உண்மைதான். அதிர்ச்சி வந்தால் அந்த முகத்தை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடியோசையும் சேர்க்கிறோம். நானே எத்தனையோ செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் குளோசப்புக்கு அடுத்து என்ன வருகிறது? அவள் எழுந்து ஏதாவது செய்கிறாளா, இல்லை விளம்பர இடைவேளை வருகிறதா? பெரும்பாலும் விளம்பரம்தான். நேரத்தை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம்.

எடிட்டிங் கற்பவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1920களை ஒட்டி ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றோடு மாற்றி மாற்றி இணைத்தாராம். பசி, துயரம், ஆசை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உணர்ச்சி அந்த முகத்தில் தெரிந்ததாகப் பார்வையாளர்கள் நினைத்தார்களாம். பல ஆண்டுகள் நானும் இதைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பார்ப்பவன் ஆண், சூப்போடும் பிணத்தோடும் ஒரே வரிசையில் பார்க்கப்படும் பொருளாகப் பெண். எங்கள் பாலபாடமே அப்படித்தான் தொடங்குகிறது என்பது வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

ஆங்கிலேயத் திரைக்கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் 'ஆண் நோக்கு' என்று பெயரிட்டுச் சொன்னதும் இதைத்தான்: ஆண் பார்க்கிறான், கேமரா அவன் கண்ணாகிறது, பார்வையாளரும் அதே கண்ணை வாங்கிக்கொள்கிறார். அவர் எழுதியது பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி. தொடரில் ஒரு பாத்திரம் முதன்முதலில் வரும் இடத்தை வைத்து இன்றும் இதைச் சோதிக்கலாம். ஆணின் கை சாவியைத் திருப்புகிறது, கோப்பில் கையெழுத்திடுகிறது, அதன்பின் முகம். பெண்ணோ பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறும் கேமராவில், முடி பறக்க, துண்டு துண்டாக வந்து சேர்கிறாள். அவன் செயலாக அறிமுகமாகிறான், அவள் உறுப்புகளாக.

படப்பிடிப்புத் தளத்தில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆண் நடிகர் உயரமானவர் என்றால் ஸ்டாண்டில் கேமரா அவர் கண் மட்டத்துக்கு ஏற்றப்படுகிறது. அவர் தோளுக்கு மேலிருந்து அவளைப் பார்த்தால் கேமரா கீழ்நோக்குகிறது. அவள் பக்கத்திலிருந்து எடுக்கும்போது அவளது தோளுயரத்துக்கு இறக்கினால் மேல்நோக்குகிறது. காட்சி முழுக்க அவளைக் குனிந்தும் அவனை அண்ணாந்தும் பார்க்கிறோம். ஒவ்வொருவரையும் அவரவர் கண் மட்டத்தில் எடுக்கச் சில நிமிடம் கூடுதலாகும். நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்று ஓடும் தளத்தில் அந்தச் சில நிமிடம் கிடைக்காது. இருவரும் ஒரே ஃபிரேமில் அடங்க வேண்டுமென்றால் மட்டும், உயரம் குறைந்தவர் ஏறி நிற்க மரப்பெட்டி ஓடிவந்துவிடும்.

இதற்காக 'கீழிருந்து எடுத்தால் அதிகாரம், மேலிருந்து எடுத்தால் அடிமைத்தனம்' என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதையும் நான் ஏற்கவில்லை. கோணத்துக்கு அப்படி நிரந்தரப் பொருள் எதுவும் கிடையாது. அதிகாரம் உள்ள பெண்ணையும் கீழிருந்துதான் எடுக்கிறோம். ஆனால் கூடவே முகத்தின் ஒரு பாதியை இருட்டாக்குகிறோம், அகலமான லென்ஸை நெருக்கமாக வைத்து மூக்கையும் தாடையையும் புடைக்கவைக்கிறோம், அடித்தொண்டையில் ஒரு முனகலைப் பின்னணியில் ஓடவிடுகிறோம். அதே நாற்காலியில் அமரும் ஆணுக்குச் சன்னல் வெளிச்சமும் நிதானமான இசையும் கிடைக்கின்றன. அவன் தலைவன். அவள் பேய்ப்படத்துப் பேய்.

முகத்தை மெருகேற்றும் வேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெண்ணின் குளோசப்புக்கு லென்ஸின் முன் மெல்லிய துணி கட்டுவது மௌனப்படக் காலத்து வழக்கம். இன்று அதை வண்ணச் சீரமைப்பின்போது மென்பொருள் செய்கிறது. "அவள் கண்ணோரச் சுருக்கத்தைத் துடையுங்கள்" என்று குறிப்பு வரும். அவனுடைய சுருக்கங்களைப் பற்றிக் குறிப்பே வராது. நடிப்பு தெரியும் இடமே அந்தச் சுருக்கம்தான். துடைத்தபின் அவள் அழுதாலும் பீங்கான் அழுவது போல இருக்கும். பிறகு அந்த நடிகைக்கு நடிக்கத் தெரியவில்லை என்பார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது அடிக்கும் காட்சிகள். கணவன் மனைவியை அறைகிறான். கேமரா அவன் தோளுக்குப் பின்னால் நின்றால் அந்தக் கை நம் கையாகிவிடுகிறது. அவள் உயரத்தில், அவள் பக்கத்தில் நின்றால் அந்தக் கை நம்மை நோக்கி வருகிறது. வசனமே இல்லாத இடத்தில் இவ்வளவு வேறுபாடு. பிறகு எடிட்டிங். அந்த அறை விழுவதை மூன்று முறை, மெதுவோட்டத்தில், வெவ்வேறு கோணங்களில் காட்டச் சொல்வார்கள். சண்டைக் காட்சியில் குத்து விழுவதை ரசிப்பதற்காகப் பயன்படுத்தும் உத்தி அது. அதே உத்தியை இங்கே கொண்டுவந்துவிட்டு 'வன்முறையைக் கண்டிக்கிறோம்' என்று சொன்னால் கண் நம்பாது. அதைவிட மோசமானது அதற்கடுத்த ஷாட். அடித்த கையை அவன் நடுக்கத்துடன் பார்க்கிறான், கண் கலங்குகிறது, வயலின் எழுகிறது. கன்னம் சிவந்தவள் எங்கே? படிக்கட்டில் ஏறிப் போகும் முதுகாக ஒன்றரை நொடி. அடித்தவனின் வருத்தத்துக்கு நாற்பது நொடி. இப்படி ஒரு காட்சியை நான் தொகுத்து, அது நன்றாக வந்திருப்பதாகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

பார்ப்பவர்கள் இதைப் பிடிக்கப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த தொடரில் ஓர் உரையாடல் காட்சியை ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் முகத்தில் காட்சி தொடங்குகிறது, யார் முகத்தில் முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்தக் காட்சி யாருடையது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு ஒலியோடு பார்த்து, ஒருவர் பேசும்போதெல்லாம் திரையில் இருப்பது யார் என்று விரல் விட்டு எண்ணலாம். பிடித்த தொடராக இருப்பது முக்கியம். பிடிக்காத தொடரில் குறை காண யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மேசைக் காட்சியில் நாற்பது ஃபிரேமையும் திருப்பி வைத்தேன். அவர் யோசிக்கும் நேரமும் இவர் யோசிக்கும் நேரமும் சமமாகின. ஓட்டிப் பார்த்தால் ஆச்சரியம்: வீட்டை விற்க மனைவி சம்மதிப்பதாக நான் நினைத்திருந்த இடத்தில், அவர் மனத்துக்குள் வேறொரு கணக்குப் போடுவது தெரிந்தது. நடிகை அதை நடித்துத்தான் கொடுத்திருந்தார். தயாரிப்புத் தரப்பிலிருந்து மறுநாள் ஒரே ஒரு குறிப்பு வந்தது: "மனைவியின் குளோசப்பில் படம் சிக்கி நிற்பது போல இருக்கிறது, சரிபார்க்கவும்." நாற்பதில் பத்தை விட்டுக்கொடுத்தேன். மீதி முப்பது ஒளிபரப்பானது.