குழாய்ச் சத்தத்துக்குள் இருந்த பேய்

என் அறைக்குள் வந்ததும் அந்தப் பையன் உட்காரவில்லை. குனிந்து என் மேஜைக்கு அடியில் பார்த்தான். அப்புறம் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். ஆறு வயது. ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான், தலையணைக்குக் கீழே கிரிக்கெட் ஸ்டம்ப் வைத்திருக்கிறான், வகுப்பில் பக்கத்துப் பையனை அடித்துவிட்டான் என்று அழைத்து வந்திருந்தார்கள். “காத்து கருப்பு ஏதோ பட்டிருக்கு டாக்டரம்மா” என்றார் பாட்டி. மூன்று இடத்தில் மந்திரித்து, இடுப்பில் தாயத்தும் கட்டியாகிவிட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவனைப் பார்த்ததும் எனக்கு சாமுவேலின் ஞாபகம் வந்தது. ‘தி பாபடூக்’ என்ற ஆஸ்திரேலியப் படத்தில் வரும் பையன். 2014-இல் வந்த படம். ஜெனிஃபர் கென்ட் எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படம் அது, அடிலெய்டில் எடுத்தது. இந்தக் கட்டுரையில் அதன் முடிவையும் சொல்லப்போகிறேன். படம் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சாமுவேலின் அம்மா அமீலியா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் விபத்து. காரை ஓட்டிய கணவன் ஆஸ்கர் அங்கேயே போய்விட்டான். அன்றைக்குத்தான் சாமுவேல் பிறக்கிறான். ஆக, பையனின் பிறந்தநாளும் அப்பாவின் நினைவுநாளும் ஒன்று. அந்தத் தேதியில் அவனுக்கு ஒருமுறைகூட அம்மா பிறந்தநாள் கொண்டாடியதில்லை, பெரியம்மா பெண்ணோடு சேர்த்து வேறொரு நாளில் கொண்டாடிவிடுவாள். ஆஸ்கரின் துணிமணிகள், சாமான்கள் எல்லாம் வீட்டின் நிலவறையில் பூட்டிக் கிடக்கின்றன. அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது.

பாபடூக் என்ற பேய் வருவது ஒரு கதைப் புத்தகத்தில். பக்கத்தைத் திறந்தால் காகித உருவங்கள் எழுந்து நிற்கும் வகைப் புத்தகம். கிழித்து எறிந்தாலும் ஒட்டவைத்துப் புதுப் பக்கங்களோடு வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் பயந்து அலறுவதற்காக உட்காருபவர்களுக்கு முதல் அரைமணி நேரம் அலுப்பாக இருக்கலாம். எனக்கு அந்த அரைமணி நேரம்தான் படம். பையன் ராத்திரி அம்மாவின் படுக்கையில் வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். அவள் மெல்ல அவன் கையை எடுத்துவிட்டுக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து படுக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் இது. “பெத்த பிள்ளை தொட்டாலே எரிச்சலா வருது டாக்டர்.” சொல்லிவிட்டு அழுவார்கள். கெட்ட அம்மாக்கள் இல்லை அவர்கள். மாதக்கணக்கில் சரியாகத் தூங்காதவர்கள், துக்கத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்காதவர்கள்.

சாமுவேல் வீட்டிலேயே ஆயுதம் செய்கிறான். அதைப் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப்போய் மாட்டிக்கொள்கிறான். எல்லோர் கண்ணுக்கும் அவன் முரட்டுப் பிள்ளை. அவன் சொல்வதை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. பேய் வந்தால் அம்மாவைக் காப்பாற்றத்தான் அந்த ஆயுதமெல்லாம்.

என் முன்னால் இருந்த பையனிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தேன். ஒரு கதவு வரைந்தான். கதவுக்கு அடியிலிருந்து நீலக் கோடுகள் வெளியே வந்தன.

“இது என்ன தம்பி?”

“தண்ணி. அது பாத்ரூம்ல இருக்கும். ராத்திரி குழாய் ஓடும். அப்புறம் உள்ள ‘ம்ம்ம்’னு சத்தம் கேக்கும்.”

“உன்னைப் பிடிக்க வருமா?”

“என்னை இல்ல. அம்மா உள்ள போயிருப்பாங்க. அம்மாவைப் பிடிச்சுக்கும். நான் ஸ்டம்ப் வச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருப்பேன்.”

அவனுடைய அப்பா பைக் விபத்தில் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. “அப்பா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கார்” என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளை கேட்டுக் கேட்டு அழுவான் என்று ஹாலில் இருந்த படத்தைக் கழற்றி, துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்கள். பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று அம்மா தினமும் ராத்திரி குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். அவன் வரைந்ததை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் அந்த நீலக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை இருட்டு, பேய், பூச்சாண்டி என்று பயப்படுவது இயல்புதான், பெரும்பாலும் தானாகவே போய்விடும். தூங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் திடீரென்று அலறி, கூப்பிட்டாலும் தெளியாமல், காலையில் எதுவும் ஞாபகமில்லாமல் எழுந்தால் அது ஆழ்ந்த உறக்கத்தில் வரும் இரவு அலறல். பிள்ளை அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும், உலுக்கி எழுப்ப வேண்டாம். விடியற்காலையில் விழித்து, கண்ட கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. ஆனால் பல வாரங்களாகத் தூக்கம் கெடுகிறது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய்த் திரும்ப வருகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றால் பிள்ளையை மட்டும் பரிசோதித்தால் போதாது. வீட்டில் யார் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

படத்தில் அதை யாரும் கேட்பதில்லை. அமீலியா டாக்டரிடம் கெஞ்சிப் பையனுக்குத் தூக்க மருந்து வாங்குகிறாள். நீ எப்படியம்மா இருக்கிறாய் என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. என் துறை சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு ரொம்ப உறுத்திய இடம் இது. அமீலியாவின் அக்காவோ, உன் பையனை என்னால் சகிக்க முடியவில்லை என்றே சொல்லிவிடுகிறாள். இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வர, கடைசியில் அந்த வீட்டுக்குள் அம்மாவும் பிள்ளையும் மட்டும். பாபடூக் முழு பலத்தோடு வருவது அப்போதுதான். நம் ஊரில் கணவனை இழந்த பெண்ணை வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடாமல் விடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவளோடு அவள் பிள்ளையும்தான் வீட்டில் அடைபடுகிறது.

துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போடும் துக்கத்தை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் தனியாகவே சேர்த்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

பிள்ளைகளிடம் சாவைப் பற்றி நேராகச் சொல்லுங்கள். “அப்பா தூங்கிட்டார்” என்று சொன்னால் பிள்ளை தூங்கவே பயப்படும். “ஊருக்குப் போயிருக்கார்” என்றால் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்ளும். “அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே வர முடியாது. எனக்கும் அழுகையா வருது” என்று சொல்வது கொடுமை இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதும் இல்லை. படத்தின் முடிவில் பாபடூக் சாவதில்லை. நிலவறையிலேயே இருக்கிறது. அமீலியா ஒரு கிண்ணத்தில் மண்புழு எடுத்துப் போய் அதற்கு வைக்கிறாள். நான் எப்போது பார்க்கலாம் என்று சாமுவேல் கேட்கிறான். பெரியவன் ஆனதும் ஒருநாள் என்கிறாள். அன்றைக்குத்தான் அவனுடைய பிறந்தநாளை அதற்கான தேதியிலேயே கொண்டாடுகிறார்கள்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். சமீபத்தில் யாரையாவது இழந்தவர்களும் தள்ளிப்போடுவது நல்லது. சாமுவேலாக நடித்த நோவா வைஸ்மனுக்கு அப்போது ஆறு வயது. அம்மா கொடூரமாகத் திட்டும் இடங்களில் அவனை அங்கே நிற்க விடவில்லை. அவனுக்குப் பதிலாக முழங்காலிட்டு நின்ற ஒரு பெரியவரைப் பார்த்துத்தான் அமீலியாவாக நடித்த எஸ்ஸி டேவிஸ் அந்த வசனங்களைப் பேசினார்.

உங்களுக்கே இந்த நிலைமை என்றால், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பிள்ளையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் தூங்குங்கள். பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ, நான் செத்துவிட்டால் தேவலையோ என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அந்த அம்மாவுக்கும் தனியாகச் சிகிச்சை நடந்தது. பரணில் இருந்த படம் ஹாலுக்குத் திரும்பி வந்தது. நான்காவது மாதம் பையன் வந்தபோது நேராக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். பாத்ரூமில் இப்பவும் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன்.

“அது அம்மா அழற சத்தம்” என்றான். “இப்பல்லாம் ஹால்லயே அழுவாங்க. சித்தி வந்து பக்கத்துல உக்காந்துப்பாங்க. நான் போய்ப் படுத்துப்பேன்.”