கேட்டலிஸ்ட்: வினையூக்கியா, வினைவேகமாற்றியா?

ஒரு வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, அது முடிந்த பிறகும் தான் செலவாகாமல் மிஞ்சி நிற்கும் பொருளைக் கேட்டலிஸ்ட் என்கிறோம். தமிழில் இதற்குப் பல பெயர்கள்: பழைய பாடநூல்களின் கிரியா ஊக்கி, இப்போது பரவலாக வழங்கும் வினையூக்கி, வினைவேகமாற்றி, இலங்கைப் பாடநூல்களில் வெறும் ஊக்கி. எதைச் சொன்னாலும் புரியும். ஆனாலும் எனக்கு வினைவேகமாற்றியோடு ஒரு பிணக்கு உண்டு.

முதலில் மூலச்சொல்லைப் பார்க்கலாம். சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1835இல் 'கேட்டலிசிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்கு அவிழ்த்துவிடுதல், கலைத்தல் என்று பொருள். வேகம் என்ற பேச்சே அதில் இல்லை. அவருக்கு முன்பே பலரும் பார்த்து வியந்த நிகழ்வுகளை ஒரே பெயருக்குள் கொண்டுவருவதுதான் அவர் நோக்கம். அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, அமிலமோ குறையாமல் கிடக்கிறது. 1823இல் டோபரைனர் நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சியபோது, நெருப்பே வைக்காமல் வாயு பற்றிக்கொண்டது. அதை வைத்து அவர் ஒரு விளக்கேற்றியே செய்துவிட்டார்! இவை ஏன் நடக்கின்றன என்பது பெர்சீலியசுக்குப் பிடிபடவில்லை. ஏதோ ஒரு தனி விசை என்று எண்ணினார். இதை வினையின் வேகத்தோடு சேர்த்து வரையறுத்தவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வேகம் எப்படிக் கூடுகிறது? மூலக்கூறுகள் மோதிக்கொண்டால் மட்டும் வினை நடந்துவிடாது. மோதலில் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று இருக்க வேண்டும். இதுதான் கிளர்வு ஆற்றல். இலங்கையில் ஏவற்சக்தி என்பார்கள். சூடேற்றினால் அந்த அளவைத் தாண்டும் மூலக்கூறுகள் கூடும், வினை விரையும். குளிர்பதனப் பெட்டிக்குள் உணவு மெதுவாகக் கெடுவது இதன் மறுபக்கம். வினையூக்கி செய்வது வேறு. அது ஆற்றல் எதையும் கொடுப்பதில்லை. குறைந்த கிளர்வு ஆற்றலே போதுமான இன்னொரு வழியை வினைக்குத் திறந்துவிடுகிறது. நடக்கவே முடியாத வினையை அதனால் நடத்திக்காட்ட முடியாது. முன்னும் பின்னும் நடக்கக்கூடிய மீள்வினையாக இருந்தால் போக்கையும் மீட்சியையும் ஒரேபோல் விரைவாக்கும், இரண்டும் ஈடாகி நிற்கும் சமநிலை அசையாது.

காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புட்டிக்குள் மெல்ல மெல்லச் சிதையும் அதே திரவத்தை, நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி நொடியில் நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நொதிகள் உயிர்கள் தயாரிக்கும் வினையூக்கிகள். துணி துவைக்கும் தூளில் கறை நீக்கச் சேர்ப்பதும் இவற்றைத்தான். வாகனப் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது உலோகப் பரப்பில் படிந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். அப்படிக் கெடுக்கும் பொருளுக்கு வினையூக்கி நஞ்சு என்று பெயர்.

இப்போது தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். கிரியா ஊக்கியின் முன்பாதி வடமொழி. அதைத் தமிழாக்கியதும் வினையூக்கி வந்துவிடுகிறது. ஊக்கு என்ற வினையடி பழையது. 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்' என்று 463ஆம் குறளிலேயே வினையும் ஊக்கலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே அதற்கு மேற்கொள்ளுதல் என்ற பொருள், இங்கே தூண்டுதல். முதல் இழக்காமல் காரியம் நடத்தும் பொருளுக்கு இந்தச் சொல் அமைந்தது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

வினைவேகமாற்றி அகலமான சொல். வெப்பநிலை, செறிவு, துகளின் பரப்பளவு எல்லாமே வேகத்தை மாற்றும்; அவற்றை யாரும் கேட்டலிஸ்ட் என்பதில்லை. வேகத்தைக் குறைக்கும் பொருளையும் உள்ளடக்க வேண்டுமே என்று சிலர் வாதிடலாம். எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்க்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அப்படி வேகத்தைக் குறைப்பவைதான், ஆனால் அவை வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகின்றன. செலவாகாமல் இருப்பதுதான் கேட்டலிஸ்டின் அடையாளம் என்றான பிறகு இவற்றை அதே கூடையில் போடுவது பொருந்தாது. தடுப்பான் என்ற தனிச் சொல்லே போதும்.

அப்புறம், செய்திகளில் வரும் உருவகப் பயன்பாடு. ஒரு நிகழ்வு போராட்டத்துக்கு 'வினையூக்கியாக' அமைந்தது என்று எழுதுகிறார்கள். ஏற்கெனவே மெல்ல நடந்துகொண்டிருந்ததை வேகப்படுத்தியது என்றால் அப்படி எழுதலாம். இல்லாத ஒன்றைத் தொடங்கிவைத்தது என்று சொல்ல வந்தால் தூண்டுகோல் என்பதே சரி.