மூன்றாம் நாள் ஆழமாகும் எரிகாயம்

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வடை பொரிக்கும்போது அம்மாவின் கையில் கொதிஎண்ணெய் பட்டுவிட்டது. உடனே பற்பசை பூசினோம். முதல் நாள் சிவந்து நல்ல எரிவோடு இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் நடுவில் வெளிறி ஆழமாகத் தெரிகிறது, வலியும் குறைந்துவிட்டது. எண்ணெய் பட்டது ஒரு தடவைதானே, பிறகு எப்படிக் காயம் வளரும்?"

முதலில் அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெளிறிய இடத்தில் வலி குறைவது நல்ல செய்தி அல்ல. நரம்பு முனைகளும் பழுதாகியிருக்கலாம். அப்புறம் கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அது மிக நல்ல கேள்வி.

எரிகாயத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம். 1947இல் மொறிற்ஸ், ஹென்றிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். 44 பாகை செல்சியசில் தோல் கெடுவதற்கு 6 மணித்தியாலம் அளவில் வேண்டும். 60 பாகையில் 5 செக்கன் போதும். பொரிக்கும் எண்ணெயோ 180 பாகை அளவில் இருக்கும், தோலில் ஒட்டியும் நிற்கும். புட்டுப் பானையின் ஆவி இன்னொரு வகை. அது தோலில் பட்டு நீராகும்போது ஒளித்து வைத்திருந்த வெப்பத்தையும் சேர்த்துக் கொட்டுவதால், அதே நிறையுள்ள கொதிநீரைவிட எட்டு மடங்குக்கு மேல் வெப்பம் கொடுக்கும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் 50 பாகை நீரில் சில நிமிடம் கால் வைத்தாலே போதும், சுடுவது தெரியாமலே ஆழமான காயம் வந்துவிடும்.

சரி, சூடு போன பிறகு என்ன நடக்கிறது? 1953இல் டக்ளஸ் ஜாக்சன் என்ற பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் எரிகாயத்தை மூன்று வலயங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இருப்பது செத்த வலயம். அங்கே புரதங்கள் உறைந்துவிட்டன, மீட்பு இல்லை. வெளியே இருப்பது சிவந்த வலயம். அங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, தானாக ஆறிவிடும். எனக்கு வியப்பூட்டுவது இரண்டுக்கும் இடைப்பட்ட தேக்க வலயம். அங்கே கலங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஊட்டும் மயிர்த்துளைக் குழாய்களின், அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாய்களின், சுவர் சூட்டில் பழுதாகிவிட்டது. திரவம் வெளியே கசிகிறது, உள்ளே இரத்தம் தடிக்கிறது, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, நுண்ணிய இரத்தக் கட்டிகள் வழியை அடைக்கின்றன. காயத்தை ஆற்ற ஓடிவரும் வெள்ளணுக்களே வெளியிடும் பொருட்கள் குழாய்ச் சுவரை இன்னும் கெடுக்கின்றன. இந்தக் கலங்கள் சுட்டுச் சாவதில்லை, பட்டினியில் சாகின்றன. அதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும். அந்த வாசகி மூன்றாம் நாள் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே தேக்க வலயத்தைக் காப்பாற்றுவதுதான் முதலுதவியின் முழு நோக்கம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். தோலுக்குள் தங்கிய வெப்பத்தை அது வெளியேற்றுகிறது, அழற்சியையும் தணிக்கிறது. சுட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. கிணற்று நீர் மிக நல்லது. வெயிலில் காய்ந்த மேல்தாங்கியின் நீரென்றால் குழாயைத் திறந்து சூடு போகும்வரை ஓடவிடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது, ஏற்கெனவே அடைபட்ட குழாய்களை அது மேலும் சுருக்கிவிடும். பற்பசையும் தேங்காயெண்ணெயும் முட்டை வெள்ளைக்கருவும் ஆழத்தைக் கணிக்கும் வைத்தியரின் கண்ணை மறைக்கின்றன, கிருமிக்கும் இடம் கொடுக்கின்றன. "தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும்" என்ற நம்பிக்கை இன்னும் கெடுதலானது. கொப்புளம் போடுவது சூடு. அந்த நம்பிக்கைக்குப் பயந்து எத்தனை பேர் கையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கவே கோபம் வருகிறது.

சிறுபிள்ளைகளைச் சுடுவது பெரும்பாலும் கொதிநீரும் தேநீரும். பெரியவர்களிடம் நெருப்புக் காயங்களின் பங்கு கூடுகிறது. சீலைத் தலைப்பிலோ சாரத்திலோ பிடித்த தீ மேல்நோக்கியே ஏறும். நிற்பவருக்கும் ஓடுபவருக்கும் அது வயிறு, மார்பு, கழுத்து, முகம் என்று போகும். உடனே படுத்து உருள வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் அடுப்பின் முன் தனியே நிற்காமல் இருப்பதும் முக்கியம்.

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இங்கே இருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கு சரிந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காயங்களைக் கண்ட இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, தடித்த கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் உருளாது. திருகு மூடி இருப்பதால் சரிந்தாலும் எண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. காயம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கவனித்ததுதான் தேவைப்பட்டது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் பல குசினிகளுக்கு விறகடுப்பு திரும்பி வந்தது. எந்த அடுப்பு, என்ன துணி, எத்தனை மணிக்கு, முதலில் என்ன பூசினார்கள் என்று வடக்கில் ஒவ்வொரு எரிகாயத்தையும் விரிவாகப் பதிவதற்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்து மாற்ற வேண்டியது எந்த அடுப்பு, எந்தப் பழக்கம் என்பது அந்தப் பதிவிலிருந்துதான் தெரியும்.